வீழ்ச்சியை யார் கணக்கில் எழுதுவது?

ஆங்கில இலக்கியப் பரீட்சைகளில் சாகாவரம் பெற்ற கேள்வி ஒன்று உண்டு. நாயகனின் வீழ்ச்சிக்குப் பொறுப்பு யார்: அவன் குணமா, விதியா, சமூகமா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று எழுதி, அரிஸ்டாட்டிலை ஒரு பத்தியில் சேர்த்துக்கொண்டால் மதிப்பெண் நிச்சயம். விடை தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அதை எந்த நாவலுக்கும் எழுதிவிடலாம் என்பதுதான் சங்கடம். கேள்வியை உருப்படியாகக் கேட்க வேண்டுமானால் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிகிற இரண்டு நாயகர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அப்படி இருவர் இருக்கிறார்கள். ஒருவன் தாமஸ் ஹார்டி 1886இல் வெளியிட்ட ‘கேஸ்டர்பிரிட்ஜ் மேயர்’ நாவலின் மைக்கேல் ஹென்ச்சர்டு. மற்றவன் சினுவா அச்செபே 1958இல் எழுதிய, தமிழில் ‘சிதைவுகள்’ என்று வந்திருக்கும் நாவலின் ஒக்கோன்க்வோ. முன்னவன் தென்மேற்கு இங்கிலாந்தில் வைக்கோல் கட்டும் கூலியாளாக இருந்து தானிய மண்டிக்காரனாகி, நகரத்துக்கே மேயரானவன். பின்னவன் நைஜீரியாவின் இக்போ நாட்டில், அப்பன் வைத்துவிட்டுப் போன கடனைத் தவிர வேறு சொத்தில்லாமல் தொடங்கி, யாம் கிழங்குக் களஞ்சியங்கள் கட்டி, இரண்டு பட்டங்கள் வாங்கியவன். இருவரும் உடல் வலுவை நம்பியவர்கள், மூக்குநுனியில் கோபம் உள்ளவர்கள், மென்மையை வெளியே காட்டத் தெரியாதவர்கள். இருவருமே பிள்ளை என்று நம்பியதை இழக்கிறார்கள். இருவர் ஊருக்குள்ளும் புதிய காலம் ஒன்று வந்து நுழைகிறது. இருவரும் முறையான அடக்கம் இல்லாமல் முடிகிறார்கள்.

இத்தனை ஒற்றுமை இருந்தும் பொறுப்பைப் பங்கிடும்போது கணக்கு ஒரே மாதிரி வருவதில்லை. ஹென்ச்சர்டின் வீழ்ச்சியில் பெரும்பகுதி அவன் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். அதை அவனே எழுதிவிட்டுப் போகிறான். ஒக்கோன்க்வோவின் கணக்கில் அப்படி ஒரே பெயரில் எழுத முடியாது. அங்கே பழியை உரக்கச் சொல்லும் ஒருவனும் தன் பங்கை அதில் சேர்த்துக்கொள்வதில்லை.

ஹென்ச்சர்டிலிருந்து தொடங்குவோம். வேடன் பிரையர்ஸ் சந்தையில், ஒரு கிழவி கோதுமைக் கஞ்சியில் திருட்டுத்தனமாக ரம் கலந்து விற்கும் கூடாரத்தில், இருபத்தொரு வயது ஹென்ச்சர்டு போதை ஏறித் தன் மனைவி சூசனையும் கைக்குழந்தையையும் ஏலம் விடுகிறான். நியூசன் என்ற மாலுமி ஐந்து கினி கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறான். மறுநாள் தெளிந்ததும், ஒரு தேவாலயத்துக்குள் போய், தான் இதுவரை வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டுகள், அதாவது இன்னும் இருபத்தொரு வருஷம், மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்கிறான். மனைவியை விற்கும் வழக்கம் ஹார்டியின் கற்பனை இல்லை. நாட்டுப்புற இங்கிலாந்தில் அப்படி நடந்த செய்திகள் பழைய பத்திரிகைகளில் இருக்கின்றன. நாவலின் துணைத்தலைப்பிலேயே இதைக் ‘குணம் படைத்த ஒரு மனிதனின்’ வாழ்வும் சாவும் என்று ஹார்டி சொல்லிவிடுகிறார். ஜெர்மன் எழுத்தாளர் நோவாலிஸைத் துணைக்கழைத்து, குணத்தையும் விதியையும் ஒன்றாகப் பார்க்கும் கருத்தையும் நாவலுக்குள்ளேயே வைக்கிறார்.

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது தற்செயல்கள். உண்மைதான், இந்த நாவலில் தற்செயல்கள் மழைக்கால ஈசல் போல வருகின்றன. பதினெட்டு ஆண்டு கழித்து சூசன் திரும்பி வரும் அதே நாளில்தான் ஸ்காட்லாந்துக்காரன் டொனால்டு ஃபார்ஃப்ரேயும் ஊருக்குள் வருகிறான். சூசனோடு வந்த மகள் எலிசபெத்-ஜேனிடம் ‘நான்தான் உன் தகப்பன்’ என்று சொல்லி முடித்த சூட்டோடு, செத்துப்போன சூசனின் கடிதம் ஹென்ச்சர்டின் கையில் கிடைக்கிறது. அவன் குழந்தை எப்போதோ இறந்துவிட்டது. இவள் நியூசனின் மகள் என்கிறது கடிதம். இறந்துவிட்டதாக நம்பப்பட்ட நியூசனும் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறான்.

ஆனால் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சூசனின் கடிதம் எலிசபெத்-ஜேனின் கல்யாண நாள்வரை திறக்கக் கூடாது என்று மேலே எழுதி வைத்த கடிதம். அதைப் பிரித்தவன் அவன். நியூசன் வந்தது தற்செயல்; மகளைத் தேடி வந்தவனிடம் அவள் இறந்துவிட்டாள் என்று கூசாமல் பொய் சொன்னது தற்செயல் இல்லை. வானிலை விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கோதுமை விலை உள்நாட்டு விளைச்சலை நம்பி ஏறி இறங்கியது. இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டங்கள் 1846இல்தான் ரத்தாயின. அதற்கு முந்தைய நிச்சயமற்ற அறுவடைகளைக் கதையின் அடித்தளங்களில் ஒன்றாகத் தம் முன்னுரையிலேயே ஹார்டி குறிப்பிடுகிறார். ஃபார்ஃப்ரேயை மண்டித் தொழிலில் நசுக்கிவிட வேண்டும் என்ற வெறியில் ஹென்ச்சர்டு ஒரு மழை ஜோசியரிடம் இரவோடிரவாகப் போகிறான். அறுவடை நேரத்தில் மழை கொட்டும் என்கிறார் அவர். கண்மண் தெரியாமல் தானியம் வாங்கிக் குவிக்கிறான். வானம் வெளுக்கிறது, விலை சரிகிறது, பதறிப்போய் அடிமாட்டு விலைக்கு விற்றுத் தள்ளுகிறான். அறுவடை தொடங்கியதும் மழை பிடித்துக்கொள்கிறது. ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது! ஜோசியரிடம் போன அவசரமும் அவனுடையது, ஜோசியரை நம்பிக் காத்திருக்க முடியாத அவசரமும் அவனுடையது.

ஃபார்ஃப்ரேயையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருந்த மண்டிக்குப் பேரேட்டையும் கடிதப் போக்குவரத்தையும் கொண்டுவந்தவன் அவன். அவனை வருந்தி வருந்தித் தங்க வைத்ததே ஹென்ச்சர்டுதான். வெளியே அனுப்பியதும் அவனேதான். அமெரிக்காவுக்குக் கப்பலேற பிரிஸ்டல் போய்க்கொண்டிருந்தவன் தன் வழியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரிவு இன்னும் நாலு வருஷம் தள்ளிப் போயிருக்கலாம். சந்தையில் நடந்த ஏலம் நடந்ததுதான். அந்தக் கிழவியும் உயிரோடுதான் இருந்திருப்பாள்.

அந்தக் கிழவி வரும் இடம்தான் என் பார்வையில் இந்த நாவலின் மையம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் அசிங்கம் பண்ணினாள் என்ற சில்லறை வழக்கில் அவள் பிடித்துவரப்படுகிறாள். அன்றைக்கு மாஜிஸ்திரேட் நாற்காலியில் இருப்பவன் ஹென்ச்சர்டு. அவன் யாரென்று தெரிந்துகொண்ட கிழவி, இருபது வருஷத்துக்கு முந்தைய மனைவி விற்பனையைப் போட்டு உடைத்து, இவன் எனக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று கேட்கிறாள். குமாஸ்தா உடனே கைகொடுக்கிறார்: இது இவளாகக் கட்டிவிட்ட கதை என்று. ஹென்ச்சர்டு வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். சாட்சி கிடையாது, அழுக்குக் கிழவியின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? அவனோ, அவள் சொல்வது உண்மை என்று சொல்லி, அவளுக்குத் தீர்ப்பளிக்கும் தகுதி தனக்கில்லை என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறான்.

வீழ்ச்சி ஊருக்குத் தெரியத் தொடங்குவது அந்த நிமிஷத்திலிருந்துதான். அதைத் தொடங்கி வைத்தது அவனுடைய நேர்மை. மஞ்சக் கடுதாசி கொடுக்கும்போதும் இதேதான். கடன்காரர்களிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த தங்கக் கடிகாரத்தையும் எடுத்து மேஜையில் வைக்கிறான். வேண்டாம் என்று அவர்களே திருப்பிக் கொடுத்தும், அதை விற்று, அதிகம் கஷ்டப்படுகிற ஒரு சின்னக் கடன்காரனுக்குக் கொடுக்கிறான். குணத்தால் விழுந்தான் என்னும்போது நாம் கோபத்தையும் பொறாமையையும் மட்டும் எண்ணிக்கொள்கிறோம். அவனைக் கவிழ்த்ததில் அவனுடைய நல்ல குணத்துக்கும் சரிபாதி பங்கு உண்டு.

ஊர் செய்ததும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹென்ச்சர்டின் பழைய காதலி லூசெட்டா அவனுக்கு எழுதிய கடிதங்கள் ஜாப் என்பவன் கைக்குப் போய், சாராயக் கடையில் உரக்கப் படிக்கப்பட்டு, அவளுக்கும் ஹென்ச்சர்டுக்கும் கொடும்பாவி கட்டித் தெருவில் ஊர்வலம் விடுகிறார்கள். அதைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் செத்துப்போகிறாள். ஆனாலும் இந்த ஜாப் யார்? மேனேஜர் வேலை தருவதாகச் சொல்லி வரவழைத்து, ஃபார்ஃப்ரேயைக் கண்டதும் ஹென்ச்சர்டு விரட்டியடித்தவன். பிற்பாடு வேலைக்கு வைத்து, மறுபடி விரட்டியதும் ஹென்ச்சர்டுதான். கடிதக்கட்டைக் கொண்டுபோய்க் கொடு என்று அவன் கையில் தந்ததும் ஹென்ச்சர்டுதான். எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனை அவன் இடுப்பில்தான் கட்டியிருக்கிறது.

இப்போது ஒக்கோன்க்வோவின் ஊரான உமுவோஃபியாவுக்கு வருவோம். இங்கே கயிறுகள் பல இடுப்புகளில் கட்டியிருக்கின்றன.

பதினெட்டு வயதில், ஏழு வருஷமாக யாராலும் சாய்க்க முடியாத அமலின்ஸே என்ற மல்லனைச் சாய்த்தவன் ஒக்கோன்க்வோ. அவனை ஆட்டிவைப்பது ஒரே ஒரு பயம்: அப்பன் உனோகா மாதிரி ஆகிவிடக் கூடாது. உனோகா புல்லாங்குழல் வாசிப்பவன், ஊரெல்லாம் கடன்பட்டவன், உடல் வீங்கி, ஊருக்கு ஆகாத காட்டில் கொண்டுபோய் விடப்பட்டுச் செத்தவன். அப்பனுக்குப் பிடித்ததையெல்லாம் வெறுப்பதே மகனின் கொள்கை ஆகிவிட்டது. அன்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டதுதான் விபரீதம்.

இகெமெஃபுனா என்ற சிறுவன், அயலூர்க்காரர்கள் செய்த கொலைக்கு ஈடாக உமுவோஃபியாவுக்கு வந்தவன். மூன்று வருஷம் ஒக்கோன்க்வோ வீட்டில் வளர்ந்து, அவனை அப்பா என்று கூப்பிடுகிறான். மலைக்குகைத் தெய்வம் அவனைக் கொல்லச் சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர் எஸெயுடு வீடு தேடி வந்து, அவன் உன்னை அப்பா என்கிறான், இதில் நீ கை வைக்காதே என்று எச்சரிக்கிறார். ஒக்கோன்க்வோ போகிறான். முதல் வெட்டு வேறொருவன் கையால் விழுகிறது. பையன் அப்பா என்று கத்திக்கொண்டு இவனை நோக்கி ஓடி வருகிறான். இவன் வெட்டுக்கத்தியை உருவுகிறான். கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று அச்செபே ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார்.

இங்கே பொறுப்பு எத்தனையாகப் பிரிகிறது பாருங்கள். கொல்லச் சொன்னது தெய்வம். ஒப்புக்கொண்டது ஊர். விலகி நிற்க ஒக்கோன்க்வோவுக்கு வழி இருந்தது. நண்பன் ஒபியெரிகா அப்படித்தான் போகாமல் வீட்டில் இருந்தான். ஆக வெட்டிய கை ஒக்கோன்க்வோவின் கணக்கில். சாவு உமுவோஃபியாவின் கணக்கில். ஹென்ச்சர்டு மனைவியை ஏலம் விட்டபோது எந்தத் தெய்வமும் எந்த ஊர்க்கூட்டமும் அவனுக்கு உத்தரவு போடவில்லை.

ஊர்ச் சட்டம் பொறுப்பை அளக்கும் விதம் இன்னும் விசித்திரம். யாம் திருவிழாவுக்கு முன்னால், வாழையிலிருந்து கொஞ்சம் இலை அறுத்தாள் என்பதற்காக மனைவி எக்வேஃபியை ஒக்கோன்க்வோ அடிக்கிறான். அவள் அவன் துப்பாக்கியைப் பற்றி ஏதோ முணுமுணுக்க, அதையே எடுத்துக் குறிபார்த்துச் சுடுகிறான். தப்பிவிடுகிறாள். தண்டனை எதுவும் இல்லை. பின்பு எஸெயுடுவின் ஈமச்சடங்கில் மரியாதை வெடி வெடிக்கும்போது அவன் துப்பாக்கி சிதறி, செத்த பெரியவரின் பதினாறு வயது மகன் சாகிறான். இது துளியும் நினைத்துச் செய்ததில்லை. இதற்கு ஏழு வருஷம் ஊரை விட்டு விலக்கம். வேண்டுமென்று சுட்டது பாவமில்லை, கைதவறியது மண்ணுக்கே செய்த தீட்டு. உமுவோஃபியாவை ஒரு பொற்காலமாக வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு துப்பாக்கிச் சத்தங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அச்செபே கேட்க வைத்திருக்கிறார்.

அதற்காக, வெள்ளைக்காரன் வராமலிருந்தாலும் ஒக்கோன்க்வோ விழுந்திருப்பான் என்று சொல்ல முடியுமா? ஃபார்ஃப்ரே வராமல் போயிருந்தால் என்ற அதே சோதனையை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். ஒக்கோன்க்வோவின் ஊரில் குற்றத்துக்குத் தண்டனை உண்டு, தண்டனைக்கு ஒரு முடிவும் உண்டு. யாரும் கை நீட்டக் கூடாத அமைதி வாரத்தில் மனைவியை அடித்தான், ஆடு, கோழி, துணி, நூறு சோழி என்று அபராதம் கட்டினான், விஷயம் முடிந்தது. விலக்கமும் ஏழு வருஷத்தில் முடியும். தாய்வழி ஊரான ம்பாண்டாவில் மாமன் உச்செண்டு அவனுக்கு நிலமும் புத்தியும் கொடுக்கிறார். நிலத்தை வாங்கிக்கொள்கிறான். திரும்பி வந்தால் பெரிய வீடு, மகன்களுக்குப் பட்டம் என்று திட்டம் தயாராக இருக்கிறது. அவன் முரடனாகவே, ஆனால் பெரிய மனிதனாகவே செத்திருப்பான். ஹென்ச்சர்டின் குற்றம் அப்படி எந்த அபராதத்திலும் கழியாமல் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. கேஸ்டர்பிரிட்ஜில் அதைக் கழிக்கச் சடங்கு எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவறு செய்தவன் திரும்பி வர உமுவோஃபியா வழி வைத்திருந்தது. அவன் திரும்புவதற்குள் அந்த உமுவோஃபியாவே காணாமல் போய்விட்டது.

அதைக் காணாமல் செய்தவர்கள் யாரென்பதில் ஒளிவுமறைவு இல்லை. நாவலில் அபாமே என்ற ஊர், இரும்புக் குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றதற்காகச் சந்தை நாளன்று சுட்டு அழிக்கப்படுகிறது. 1905இல் இக்போ நாட்டில் அஹியாரா அருகே சைக்கிளில் போன ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொல்லப்பட்டு, படை வந்து ஊர்களைப் பழிதீர்த்த வரலாறு இதன் பின்னால் இருக்கிறது. பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு ஆறு தலைவர்களின் கையில் விலங்கு மாட்டியவர் மாவட்டக் கமிஷனர். தலையை மழித்து அடித்தவர்கள் அவருடைய சேவகர்கள். அவர் இருநூறு பை சோழி அபராதம் போட, சேவகர்கள் ஊரிடம் இருநூற்றைம்பது கேட்டு மிச்சத்தைத் தாங்களே சுருட்டிக்கொள்கிறார்கள். நிர்வாகம் என்றால் என்னவென்று இந்த ஐம்பது பை சோழியிலேயே அச்செபே சொல்லி முடித்துவிடுகிறார்.

ஆனால் மூத்த மகன் ந்வோயேயை மிஷனரிகள் பறித்தார்கள் என்று மட்டும் எழுத என் கை வரவில்லை. இகெமெஃபுனா இனி இல்லை என்று அப்பன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்ட இரவில் அவனுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அதற்கு முன்பே, இரட்டைக் குழந்தைகளைப் பானையில் வைத்துக் காட்டில் எறிந்திருக்க, அவை அழுவதைக் கேட்டு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. மிஷனரிகளின் பாட்டு வந்து சேர்ந்தது பல வருஷம் கழித்துத்தான். பாதி விரிசல் அப்பன் போட்டது, பாதி ஊர் போட்டது.

கடைசிக் கூட்டத்துக்கு வருவோம். சேவகர்கள் வந்து கலையச் சொல்கிறார்கள். ஒக்கோன்க்வோ அவர்களின் தலைவனை வெட்டுகிறான். மற்றவர்களை ஊர் தப்பவிடுகிறது. ஏன் வெட்டினான் என்று கூட்டத்தில் யாரோ கேட்பது அவன் காதில் விழுகிறது. கத்தியை மணலில் துடைத்துவிட்டுப் போய்விடுகிறான். அதுவரை அவன் செய்த எல்லாவற்றுக்கும் பின்னால் ஊர் தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பு இருந்தது. அந்த ஊர் அசையவில்லை என்று தெரிந்த பிறகு அவன் எதற்கும் காத்திருக்கவில்லை. கமிஷனரும் ஆட்களும் தேடி வரும்போது வீட்டுக்குப் பின்னால் மரத்தில் தொங்குகிறான்.

இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால்தான் பொறுப்பின் கணக்கு தெளிகிறது. ஹென்ச்சர்டு எக்டன் பொட்டல்காட்டில் ஒரு குடிசையில் சாகிறான். கூட இருந்தவன் ஏபெல் விட்டில் என்ற பழைய வேலையாள். ஒருநாள் தாமதமாக வந்தான் என்பதற்காகக் கால்சட்டைகூடப் போடவிடாமல் அவனை ஹென்ச்சர்டு வேலைக்குத் துரத்தியிருக்கிறான். அவனுடைய தாய்க்குக் குளிர்காலம் முழுக்க அடுப்புக்கரி கொடுத்தவனும் அதே ஹென்ச்சர்டுதான். உயிலில் சொத்து எதுவும் இல்லை. தன் சாவை எலிசபெத்-ஜேனுக்குச் சொல்லக் கூடாது, புனித நிலத்தில் புதைக்கக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, யாரும் தன்னை நினைக்கக் கூடாது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒரு வரியில்கூட வேறு யார் மீதும் புகார் இல்லை. நீதிமன்றத்தில் எழுந்து நின்றவன் பாக்கி வைத்த தீர்ப்பை இங்கே எழுதி முடித்துவிட்டான்.

ஒக்கோன்க்வோவுக்குப் புனித நிலத்தை மறுப்பது அவன் உயிரினும் மேலாக மதித்த ஊர் வழக்கம். தற்கொலை மண்ணுக்குத் தீட்டு. உறவினர் உடலைத் தொடக் கூடாது, அந்நியர்தான் இறக்கிப் புதைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க யாரைப் போல ஆகக் கூடாது என்று ஓடினானோ, அந்த உனோகாவைப் போலவே ஊர் மரியாதை இல்லாமல் மண்ணுக்குப் போகிறான். அவன் தன்னைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கமே அவனிடம் இருந்ததில்லை. தனிமையில் வருந்தியிருக்கிறான், வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. அதனால் அவனுக்காக வேறொருவன் பேச வேண்டியிருக்கிறது.

பேசுபவன் ஒபியெரிகா. ஊரின் மகத்தான மனிதர்களில் ஒருவனைச் சாவுக்குத் துரத்தியது நீதான் என்று கமிஷனரைப் பார்த்துக் குரல் நடுங்கக் குற்றம் சாட்டுகிறான். நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் அந்தக் குரலோடு போய்விடுவார்கள். நானும் கமிஷனரை விடுவிக்கப் போவதில்லை. ஆனால் பேசுவது யார்? இகெமெஃபுனா விஷயத்தில் நண்பனைக் கண்டித்தவன், கொலையைத் தடுக்க ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காதவன். தன் மனைவி பெற்ற இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் போட்டவன். ஒக்கோன்க்வோ விலக்கப்பட்ட மறுநாள் விடியலில் போர்க்கோலத்தில் வந்து அவன் வீட்டைக் கொளுத்திய கூட்டத்திலும் ஒருவன்; மனதில் பகையில்லாமல், மண்ணின் தீட்டைக் கழிக்கச் செய்தது அது. அது முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து, அறியாமல் செய்த பிழைக்கு ஒருவன் ஏன் இத்தனை அனுபவிக்க வேண்டும், குழந்தைகள் செய்த குற்றம் என்ன என்று யோசித்தவனும் அவன்தான். நண்பனின் யாம் கிழங்கை விற்றுச் சோழி மூட்டைகளோடு ம்பாண்டாவுக்கு நடந்தவனும் அவன்தான். அந்தக் கேள்வியை அவன் ஊரின் முன்னால் ஒருநாளும் கேட்டதில்லை. கமிஷனர் முன்னால் குற்றம் சாட்ட முடிந்ததற்குக் காரணம் கமிஷனர் அந்நியர் என்பதும்தான். மரத்தடியில் அப்போது அவனோடு நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் உமுவோஃபியாக்காரர்கள்; அவர்களிடம் அவன் எதுவும் கேட்கவில்லை.